பழைய பென்டியமா, புதிய என்100-ஆ? வாசகர் கேள்வி பதில்

வீட்டில் இருக்கும் பழைய டெஸ்க்டாப்பை வைத்துக்கொள்வதா, லேப்டாப் வகைப் பிராசசர் உள்ள புதிய சிறு கணினிக்கு மாறுவதா என்று கேட்டு இம்முறை வந்த கடிதங்கள் மிகுதி. அவற்றுள் ஏறக்குறைய எல்லாமே இரண்டே பிராசசர்களைப் பற்றியவையாக இருந்ததால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டில் 2017-இல் அசெம்பிள் செய்து வாங்கிய கணினி இருக்கிறது. இன்டெல் பென்டியம் ஜி4560 பிராசசர், எச்110 மதர்போர்டு, 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். இப்போது மிகவும் மெதுவாகிவிட்டது. கடையில் என்100 பிராசசர் உள்ள மினி கணினியைக் காட்டுகிறார்கள். பழையதில் 3.5 கிகாஹெர்ட்ஸ், 54 வாட் என்று இருக்கிறது. புதியதில் 3.4 கிகாஹெர்ட்ஸ், 6 வாட் என்று இருக்கிறது. வெறும் 6 வாட்டில் ஓடுவது 54 வாட்டில் ஓடுவதற்கு எப்படி ஈடாகும்? மாறினால் வேகம் குறைந்துவிடாதா? (வாசகர், காரைக்குடி)

பதில்: உங்கள் ஐயம் நியாயமானது. அட்டைப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் இரண்டு எண்களை மட்டும் வைத்துப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். முதலில் இந்த இரண்டும் எப்படிப்பட்ட பிராசசர்கள் என்று பார்த்துவிடுவோம்.

ஜி4560 என்பது 2017 ஜனவரியில் வெளிவந்த, அன்றைய நிலையில் மிகவும் மலிவான பிராசசர்களுள் ஒன்று; இன்டெல் அதற்கு அறிவித்த விலை 64 டாலர். அதற்கு முந்தைய சில தலைமுறைகளின் டெஸ்க்டாப் பென்டியங்களில் பெரும்பாலும் இரண்டு கோர்களும் (கணக்கிடும் தனித்தனி அலகுகள்) இரண்டு திரெட்களும் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலைச் சரங்கள்) மட்டுமே இருந்துவந்த நிலையில், இந்தத் தலைமுறையில் ஒரே கோர் இரண்டு திரெட்களை ஓட்ட உதவும் ஹைப்பர் திரெடிங் வசதியைக் கொடுத்து நான்கு திரெட்கள் ஆக்கினார்கள். அதே தலைமுறையின் கோர் ஐ3-7100 பிராசசருக்கு 117 டாலர் விலை வைத்திருந்தார்கள். அதிலும் இரண்டு கோர், நான்கு திரெட்தான். பாதி விலைக்குச் சற்று மேலே கொடுத்து ஏறக்குறைய அதே வேலையை வாங்கலாம் என்பதால் குறைந்த செலவில் கணினி அசெம்பிள் செய்தவர்கள் பலரும் அதைத் தேடி வாங்கினார்கள். அன்று நீங்கள் செய்த தேர்வு மிகச் சரியான தேர்வு.

என்100 என்பது 2023 ஜனவரியில் வெளிவந்தது. லேப்டாப்களுக்கும் சிறு கணினிகளுக்குமாக வடிவமைக்கப்பட்டது. இதில் நான்கு கோர்கள், நான்கு திரெட்கள். ஹைப்பர் திரெடிங் கிடையாது. இந்த நான்கும், இன்டெல்லின் விலை உயர்ந்த பிராசசர்களில் பெரிய கோர்களுக்குத் துணையாக வைக்கப்படும் சிக்கனக் கோர்கள். கிரேஸ்மான்ட் என்பது அவற்றின் வடிவமைப்புப் பெயர். பெரிய கோர் ஒன்றுகூட இல்லாமல் சிக்கனக் கோர்களை மட்டும் எடுத்து ஒரு பிராசசர் செய்தால் என்ன கிடைக்குமோ அதுதான் என்100.

இப்போது கிகாஹெர்ட்ஸுக்கு வருவோம். ஒரு நொடியில் எத்தனை துடிப்பு என்பதைத்தான் அது சொல்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு வேலை முடிகிறது என்பதை அது சொல்வதில்லை. நடவு வயலில் இருவர் ஒரே வேகத்தில் குனிந்து நிமிர்ந்தாலும், ஒருவர் கைக்கு இரண்டு நாற்றும் மற்றவர் கைக்கு மூன்று நாற்றும் வைத்தால் மாலையில் நட்ட பரப்பு ஒன்றாக இருக்காது. உங்கள் பென்டியத்தில் இருப்பது 2015-இல் வந்த ஸ்கைலேக் கோரின் மெருகேற்றிய வடிவம். துடிப்புக்கு அது செய்யும் வேலையின் அளவு ஸ்கைலேக்கைப் போன்றதே. 2021 ஆகஸ்டில் கிரேஸ்மான்ட் கோரை அறிமுகப்படுத்தியபோது இன்டெல் அதை ஒப்பிட்டுக் காட்டியதும் இதே ஸ்கைலேக்குடன்தான். ஒரு கோருக்கு ஒரு கோர் என்று வைத்துப் பார்த்தால், அதே வேலையை ஸ்கைலேக் எடுக்கும் மின்சாரத்தில் 40 சதவீதத்துக்கும் குறைவாகக் கொண்டு முடிக்கும் என்று சொன்னார்கள். நான்கு திரெட்களை ஓட்டும் இரண்டு ஸ்கைலேக் கோர்களுக்கு எதிரே நான்கு கிரேஸ்மான்ட் கோர்களை நிறுத்தினால், குறைந்த மின்சாரத்திலேயே 80 சதவீதம் கூடுதல் வேலை நடக்கும் என்றும் சொன்னார்கள். கடைசியாகச் சொன்ன ஒப்பீடு ஏறத்தாழ உங்கள் பென்டியத்துக்கும் என்100-க்குமான ஒப்பீடே ஆகும். தயாரிப்பாளர் தன் பொருளைப் பற்றிச் சொல்லும் எண்ணில் கொஞ்சம் கழித்துக்கொள்ளத்தான் வேண்டும். அப்படிக் கழித்துப் பார்த்தாலும், ஒரு கோர் மட்டும் உழைக்கும் வேலைகளில் இரண்டும் கிட்டத்தட்டச் சமமாகவும், நான்கு கோர்களும் சேர்ந்து உழைக்கும் வேலைகளில் என்100 ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வேகமாகவும் இருக்கும் என்று எதிர்பார்க்கலாம்.

இதற்குக் காரணம் ஹைப்பர் திரெடிங்கின் இயல்பு. ஒரு சமையல்காரர் ஓர் அடுப்பில் உலை கொதிக்கும்வரை சும்மா நிற்காமல் இன்னோர் அடுப்பில் தாளிக்கிறார் என்றால் நேரம் மிச்சமாகும். ஆனால் கைகள் இரண்டுதான். இரண்டாவது திரெட் அப்படித்தான் கிடைக்கிறது. கோர் சும்மா இருக்கும் இடைவெளிகளைத்தான் அது நிரப்புகிறது. கால் பங்கு அல்லது 30 சதவீதம் கூடுதல் வேலை நடந்தால் அதுவே நல்ல பலன். என்100-இல் இருப்பவர்கள் நான்கு தனித்தனி சமையல்காரர்கள்.

அடுத்தது வாட். 54 வாட் என்பது உங்கள் பிராசசர் எந்நேரமும் இழுக்கும் மின்சாரம் என்று பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். அதன் மேலே பொருத்தும் குளிர்விப்பான் எவ்வளவு வெப்பத்தை வெளியேற்றத் தக்கதாக இருக்க வேண்டும் என்பதற்கான வரையறை அது. நீங்கள் கடிதம் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது உங்கள் பென்டியம் அதில் சிறு பகுதியைத்தான் எடுக்கும். 6 வாட் என்பதும் அதே போன்ற வரையறைதான் என்றாலும், அதைப் பற்றி வேறொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். சில நொடிகள் மட்டும் வேகம் தேவைப்படும்போது என்100 அதைப் போல இரண்டு, மூன்று மடங்கும் அதற்கு மேலும் மின்சாரம் எடுத்து 3.4 கிகாஹெர்ட்ஸ்வரை ஏறும், பிறகு இறங்கிவிடும். தொடர்ந்து எவ்வளவு எடுக்கலாம் என்பதைக் கணினியைத் தயாரிப்பவர் தீர்மானிக்கிறார். மினி கணினிகள் பலவற்றில் இதை 10 வாட்டுக்கு மேல் உயர்த்தி வைக்கிறார்கள். மின்விசிறியே இல்லாத மெல்லிய லேப்டாப்பில் அப்படி வைக்க முடியாது. ஆகவே ஒரே என்100, இரண்டு கணினிகளில் இரண்டு வேகத்தில் ஓடலாம். உங்கள் ஜி4560-க்கு இந்த ஏற்ற இறக்கம் இல்லை. அதில் டர்போ வசதி கிடையாது; சுமை வந்தால் 3.5 கிகாஹெர்ட்ஸில் நின்று ஓடும், அரை மணி நேரம் ஆனாலும் அப்படியே ஓடும்.

மின்சாரம் இவ்வளவு குறைந்ததற்கு ஒரு காரணம் உற்பத்தி முறை. உங்களுடையது 14 நானோமீட்டர் முறையில் செய்யப்பட்டது. என்100, இன்டெல் 7 என்ற பிந்தைய முறையில் செய்யப்பட்டது. பிராசசர் எடுக்கும் மின்திறன் துடிப்பின் வேகத்துக்கு நேர் விகிதத்திலும், கொடுக்கும் வோல்டேஜின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்திலும் கூடும். வோல்டேஜைப் பத்தில் ஒரு பங்கு குறைக்க முடிந்தாலே மின்செலவு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும் என்பதால், கோரைச் சிறிதாக வடிவமைத்து, குறைந்த வோல்டேஜில் ஓட்டுவதில்தான் இன்றைய மொபைல் பிராசசர்களின் திறமை அடங்கியிருக்கிறது.

இனி உங்கள் கணினி ஏன் மெதுவாக இருக்கிறது என்பதற்கு வருகிறேன். இதைத்தான் நீங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. இதே பிராசசரும் ஹார்ட் டிஸ்க்கும் உள்ள ஒரு கணினி போன மாதம் என் மேசைக்கு வந்தது. பக்கத் தகட்டைக் கழற்றியபோது குளிர்விப்பானின் அலுமினியப் பற்களுக்கும் விசிறிக்கும் இடையே தூசி கம்பளித் துணிபோலப் படிந்திருந்தது. குளிர்விப்பானைப் போர்டோடு பிடிக்கும் நான்கு பிளாஸ்டிக் ஆணிகளில் ஒன்று விட்டுப்போயிருந்தது. குளிர்விப்பானைத் தூக்கினால், அடியில் இருந்த வெப்பப் பசை காய்ந்து, நகத்தால் சுரண்டினால் சுண்ணாம்புபோல உதிர்ந்தது. இவை எல்லாவற்றையும் சரிசெய்து மூடிய பிறகும் விண்டோஸ் எழும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். பிராசசரின் பயன்பாடு தாழ்ந்தே இருந்தது. டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் சிவந்து நின்றது. பிராசசர் வேலை இல்லாமல் காத்திருந்தது. டிஸ்க்கிலிருந்து கோப்புகள் வந்துசேர வேண்டுமே!

நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் ஹார்ட் டிஸ்க்கில் ஓரிடத்திலிருந்து வேறோர் இடத்துக்குத் தலை நகர்ந்து, தகடு சுற்றி வந்து, படிக்கத் தொடங்குவதற்கே 10 மில்லிநொடிக்கு மேல் ஆகிறது. சுழலும் தகடே இல்லாமல் சிப்களில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் அதற்கு 0.1 மில்லிநொடி அளவே ஆகும். புதிய மினி கணினியைக் கடையில் இயக்கிக் காட்டும்போது உங்களுக்குத் தெரியும் வேகத்தில் பெரும்பகுதி அதனுள் இருக்கும் எஸ்எஸ்டியின் வேகம். அதே எஸ்எஸ்டியை உங்கள் பழைய கணினியிலும் போடலாம். எச்110 போர்டு பலவற்றில், எஸ்எஸ்டியை நேராகப் போர்டிலேயே செருகும் எம்.2 துளை இருக்காது. சாட்டா கேபிளில் மாட்டும் இரண்டரை அங்குல எஸ்எஸ்டியைக் கேட்டு வாங்குங்கள். அத்துடன், உங்கள் 8 ஜிபி ரேம் ஒரே குச்சியாக இருந்தால் அதே வேகத்தில் இன்னொன்றைச் சேர்த்து இரண்டு துளைகளையும் நிரப்புங்கள். ஒரே குச்சியில் நொடிக்கு 19.2 ஜிபியாக இருக்கும் டிடிஆர்4-2400 ரேமின் பாதை அப்போது 38.4 ஜிபியாக இரட்டிக்கும். என்100 ஒற்றைப் பாதை மட்டுமே உடையது. அதில் டிடிஆர்4-3200 போட்டால் 25.6 ஜிபி, டிடிஆர்5-4800 போட்டால்தான் உங்கள் பழைய கணினியின் அதே 38.4 ஜிபி.

ஆகவே, வேகம் ஒன்றுக்காக மட்டும் நீங்கள் மாற வேண்டியதில்லை. மாறுவதற்கு வேறு நல்ல காரணங்கள் உண்டு. அவை கீழே மற்ற வாசகர்களின் கேள்விகளில் வருகின்றன.

கேள்வி: மொபைல் பிராசசர் என்கிறார்களே, செல்போனில் இருப்பதைத்தான் கணினியில் வைத்துக் கொடுக்கிறார்களா? (வாசகி, ஈரோடு)

பதில்: இல்லை. பிராசசர் உலகில் மொபைல் என்றால் எடுத்துச் செல்லத்தக்க கணினிக்கானது என்று பொருள். செல்போன்களில் இருப்பவை ஆர்ம் வகையைச் சேர்ந்தவை. என்100 உங்கள் டெஸ்க்டாப்பில் இருப்பதைப் போலவே எக்ஸ்86 வகை. எனவே நீங்கள் பயன்படுத்தும் விண்டோஸ் மென்பொருள்கள் அப்படியே ஓடும். ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. டெஸ்க்டாப் பிராசசரைச் சாக்கெட்டிலிருந்து எடுத்து வேறொன்றை வைக்கலாம்; இதைப் போர்டிலேயே பற்றவைத்துவிடுவார்கள். பழுதானால் போர்டையே மாற்ற வேண்டும்.

கேள்வி: கல்லூரியில் செயற்கை நுண்ணறிவுப் பாடம் எடுத்திருக்கிறேன். வீட்டில் ஜி4560 கணினியில் பைத்தான் மொழியும், பாடத்துக்கு வேண்டிய டென்சர்ஃப்ளோ நிரல் தொகுப்பும் நிறுவினேன். நிறுவும்போது எந்தப் பிழையும் இல்லை. ஆனால் முதல் வரியை இயக்கியவுடன் நின்றுவிடுகிறது. லினக்ஸில் முயன்றால் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்' என்ற ஒரே வரி மட்டும் வருகிறது. நான் என்ன தவறு செய்தேன்? (மாணவர், தஞ்சாவூர்)

பதில்: நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. 64 டாலருக்கு அந்தப் பிராசசரைக் கொடுத்தபோது இன்டெல் அதிலிருந்து எடுத்துவிட்ட ஒன்றுதான் உங்களைத் தடுக்கிறது.

ஒரு கட்டளையில் ஒரே ஒரு கூட்டலைச் செய்வதற்குப் பதிலாக, எட்டு எண்களை எட்டு எண்களோடு ஒரே வீச்சில் கூட்டும் கட்டளைத் தொகுப்பு ஒன்று உண்டு. ஏவிஎக்ஸ் என்பது அதன் பெயர். 2011-இல் இன்டெல்லின் சாண்டி பிரிட்ஜ் தலைமுறையில் வந்தது. அதை விரிவாக்கிய ஏவிஎக்ஸ்2 தொகுப்பு 2013-இல் வந்தது. கோர் ஐ3, ஐ5, ஐ7 என்ற பெயர் தாங்கிய பிராசசர்களுக்கு இவற்றைக் கொடுத்தார்கள். உங்களுடைய பென்டியத்துக்கும், செலரான் என்ற அந்தக் காலத்து இன்னும் மலிவான வரிசைக்கும் கொடுக்கவில்லை. நீங்கள் இணையத்திலிருந்து இறக்கும் டென்சர்ஃப்ளோ 2018-இல் வந்த 1.6 பதிப்பிலிருந்தே ஏவிஎக்ஸ் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு தொகுக்கப்படுகிறது. பிராசசர் தனக்குத் தெரியாத ஒரு கட்டளையைச் சந்தித்தவுடன் அந்த நிரலையே நிறுத்திவிடுகிறது. 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்' என்ற வரிக்குப் பொருள் அதுதான். எத்தனை முறை அழித்துவிட்டு மறுபடி நிறுவினாலும் இது தீராது.

மலிவான பொருளை வாங்குகிறவர் எதை இழக்கிறார் என்பதை அந்தப் பொருளின் மேல் எழுதுவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம். 2017-இல் ஐ3-7100-ஐயும் ஜி4560-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்கு வேகத்தில் பெரிய வித்தியாசம் தெரிந்திருக்காது. இந்த வித்தியாசம் பல ஆண்டுகள் கழித்து ஒரு மாணவரின் மேசையில் வந்து நிற்கிறது. என்100-இல் ஏவிஎக்ஸும் ஏவிஎக்ஸ்2-வும் உண்டு. பெரிய கோர் ஒன்றுகூட இல்லாத இந்த மலிவான பிராசசருக்கும் அவற்றைக் கொடுத்திருப்பதுதான் இந்த இரண்டுக்கும் இடையே நான் மிகவும் மதிக்கிற மாற்றம். உங்கள் பாடத்துக்கு என்100 போதும். சிறிய மாதிரிகளைப் பயிற்றுவித்துப் பார்க்கலாம். பெரியவற்றுக்கு எந்த மலிவுக் கணினியும் உதவாது. புதிதாக வாங்கும்வரை உலாவியிலேயே இயங்கும் கூகுள் கோலாபைப் பயன்படுத்துங்கள். கணக்கு முழுவதும் அவர்களுடைய கணினியில் நடப்பதால் உங்கள் பென்டியம் தடையாக இருக்காது.

கேள்வி: யூடியூபில் 4கே வீடியோ பார்த்தால் பழைய பென்டியம் திணறுகிறது. சில வீடியோக்கள் மட்டும் நன்றாக ஓடுகின்றன. ஏன்? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: ஓடும் வீடியோவின் மேல் வலது சொடுக்கி 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்பதைத் திறங்கள். வீடியோவைச் சுருக்கிய முறையைக் காட்டும் கோடெக் என்ற வரியில் விபி09 என்று இருந்தால் நன்றாக ஓடும். ஏவி01 என்று இருந்தால் திணறும். உங்கள் பிராசசருக்குள் இருக்கும் எச்டி 610 கிராபிக்ஸ் பகுதியில் விபி9 வீடியோவை விரிப்பதற்கான தனிச் சுற்று உண்டு. பின்னால் வந்த ஏவி1-க்கு இல்லை. அந்தச் சுற்று இல்லாதபோது இரண்டு கோர்களும் மென்பொருள் மூலம் அந்த வேலையைச் செய்ய வேண்டியிருக்கிறது. என்100-இல் ஏவி1-க்கான சுற்று இருக்கிறது. 4கே வீடியோ ஓடும்போது அதன் கோர்கள் ஏறக்குறைய ஓய்வாகவே இருக்கும். நீங்கள் 1080 அளவுக்கு இறக்கிப் பார்த்தால் பழையதிலும் சிரமம் பெரிதும் குறையும்.

கேள்வி: அரசுத் தேர்வு விண்ணப்பங்கள், பட்டா, சான்றிதழ் வேலைகளுக்கான கணினி மையம் நடத்துகிறேன். ஜி4560 கணினிகள் மூன்று உள்ளன. என்100-க்கு மாற்றினால் மின்கட்டணத்தில் எவ்வளவு மிச்சமாகும்? மின்தடை வந்தால் யுபிஎஸ் பத்து நிமிடம்கூடத் தாங்குவதில்லை. (வாசகர், விழுப்புரம்)

பதில்: சரியான கணக்குக்கு முதலில் பிளக்கில் மாட்டும் வாட்மீட்டர் ஒன்றை வாங்கி உங்கள் கணினி எவ்வளவு எடுக்கிறது என்று பாருங்கள். பிராசசரின் வாட்டை வைத்துக் கணக்கிட வேண்டாம். போர்டு, டிஸ்க், எஸ்எம்பிஎஸ் என்ற பழைய மின்வழங்கிப் பெட்டியில் வீணாகும் மின்சாரம் எல்லாம் சேர்ந்ததுதான் உங்கள் கட்டணம்.

எடுத்துக்காட்டுக்கு, மானிட்டரைச் சேர்க்காமல் பழையது 45 வாட், புதியது 12 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 33 வாட். நாளைக்குப் பத்து மணி நேரம், இரண்டு மாதத்தில் 50 வேலை நாட்கள், மூன்று கணினிகள் என்றால் 49.5 யூனிட். உங்கள் வணிக இணைப்பின் யூனிட் விலையால் இதைப் பெருக்கிப் பாருங்கள். இந்தத் தொகையைக் கொண்டு மூன்று புதிய கணினிகளின் விலையை மீட்க ஆண்டுகள் பல ஆகும் என்பதை உடனே உணர்வீர்கள். வீட்டில் ஒரே கணினியை நாளைக்கு மூன்று மணி நேரம் பயன்படுத்துபவருக்கோ இரண்டு மாதத்தில் ஆறு யூனிட்தான் குறையும்.

ஆனால் யுபிஎஸ் விஷயத்தில் உங்களுக்குக் கிடைக்கும் பலன் பெரியது. சாதாரண 600 விஏ யுபிஎஸ்ஸில் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று இருக்கும். அதாவது பெயரளவில் 84 வாட்-மணி. ஈய அமில பேட்டரியின் இயல்பு என்னவென்றால், வேகமாக உறிஞ்சினால் அந்த 84-இல் பாதியைக்கூடக் கொடுக்காது; மெதுவாக எடுத்தால் கூடுதலாகக் கொடுக்கும். ஆகையால் சுமையைப் பாதியாகக் குறைத்தால் தாங்கும் நேரம் இரண்டு மடங்குக்கும் மேலாகும். விண்ணப்பத்தில் கடைசிப் பக்கம் நிரப்பிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போய், வரிசையில் நிற்பவரிடம் மறுபடி முதலிலிருந்து கேட்கும் நிலை உங்களுக்கு வராமல் இருப்பதற்கு மட்டுமே ஒரு கணினியையாவது மாற்றலாம். பேட்டரி உள்ள லேப்டாப்பாக வாங்கினால் அந்த ஒன்றுக்கு யுபிஎஸ்ஸே வேண்டாம். மற்ற இரண்டுக்கும் எஸ்எஸ்டியைப் போட்டு, யுபிஎஸ் பேட்டரி மூன்று ஆண்டுக்கு மேல் பழையதாக இருந்தால் அதையும் மாற்றிவிட்டு ஓட்டுங்கள்.

கேள்வி: அதே எச்110 போர்டில் எட்டாம் தலைமுறை ஐ3 அல்லது ஐ5 போட முடியுமா? சாக்கெட் பெயர் 1151 என்றுதானே இரண்டுக்கும் இருக்கிறது? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: முடியாது. 1151 என்ற எண் ஒன்றாக இருந்தாலும் எட்டாம் தலைமுறைக்கு 300 வரிசைச் சிப்செட் உள்ள போர்டு வேண்டும். இந்த எண்ணை நம்பிப் பிராசசரை வாங்கிவிட்டுப் பிறகு தவிப்பவர்கள் நிறையப் பேர். உங்கள் போர்டு ஏழாம் தலைமுறைவரை ஏற்கும். ஐ5-7500 என்றால் நான்கு முழுக் கோர்கள், 3.4 முதல் 3.8 கிகாஹெர்ட்ஸ், ஏவிஎக்ஸ்2-வும் உண்டு. பழைய சந்தையில் நல்ல நிலையில் கிடைத்தால், வேகத்தில் அது என்100-ஐ மிஞ்சும். உங்கள் போர்டில் கிராபிக்ஸ் கார்டு துளையும் இருக்கிறது. ஜி4560-ஐ அந்தக் காலத்தில் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டோடு சேர்த்துக் கேம் விளையாடியவர்கள் ஏராளம். என்100-க்கு, கார்டுகளோடு தரவைப் பரிமாறும் பிசிஐ பாதைகள் மொத்தமே ஒன்பதுதான். அப்படி ஒரு கார்டை முழு வேகத்தில் ஓட்டுவதற்காக அது வடிவமைக்கப்படவே இல்லை. விளையாட்டு உங்கள் நோக்கமென்றால் மினி கணினியின் பக்கமே போக வேண்டாம்.

கேள்வி: பழைய கணினியில் விண்டோஸ் 11 ஏற்ற முடியாது என்கிறார்கள். அப்படியானால் தூக்கிப் போட வேண்டியதுதானா? (வாசகி, சேலம்)

பதில்: தூக்கிப் போடாதீர்கள். மைக்ரோசாஃப்ட் 2021-இல் விண்டோஸ் 11-ஐ அறிவித்தபோது, இன்டெல் பிராசசர்களில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்போம் என்று வரம்பு வைத்தது. ஜி4560 ஏழாம் தலைமுறை. ஒரே ஒரு படி வித்தியாசத்தில் வெளியே நிற்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன; பதிவு செய்துகொண்ட வீட்டுப் பயனர்களுக்கு நீட்டிப்பு 2026 அக்டோபர் 13 வரை. வங்கிப் பரிமாற்றம் செய்யும் கணினியை அதற்குப் பிறகும் திருத்தம் இல்லாத விண்டோஸில் வைத்திருக்கக் கூடாது என்பதை அழுத்திச் சொல்கிறேன். நான்கு கோர், ஏவிஎக்ஸ், ஏவி1 எல்லாவற்றையும்விட உங்களைப் போன்றவர் என்100-க்கு மாறுவதற்கு இதுவே வலுவான காரணம்.

பழைய கணினிக்கு, விண்டோஸுக்குப் பதிலாக ஏற்றக்கூடிய லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் இருக்கிறது. லினக்ஸ் மின்ட் பயன்படுத்த எளியது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் உண்டு. தமிழ்99 விசைப்பலகை, யூனிகோட் எழுத்துரு, உலாவி, லிப்ரெஆஃபீஸ் ஆகிய நான்கும் இருந்தால் ஒரு வீட்டின் பெரும்பாலான வேலைகள் முடிந்துவிடும். அவற்றை அந்தப் பென்டியம் சலிக்காமல் செய்யும். விண்டோஸில் மட்டுமே இயங்கும் கணக்கு மென்பொருளோ, டிஜிட்டல் கையொப்பக் கருவியோ உங்களிடம் இருந்தால் முதலில் அதைச் சோதித்துப் பார்த்துவிட்டு மாறுங்கள்.

கேள்வி: என் கணினி 2017-இல் வாங்கிய ஜி4560. ஒரு கடையில் செலரான் என்4020 லேப்டாப்பைக் காட்டி, 'இது உங்களுடையதைவிடப் புதியது, விண்டோஸ் 11 ஓடும், ஆகவே வேகமாகத்தான் இருக்கும்' என்கிறார்கள். என்100-ஐவிட விலையும் குறைவு. வாங்கலாமா? (வாசகர், மதுரை)

பதில்: வாங்க வேண்டாம். இந்தக் கடிதத்தை உரிய நேரத்தில் எழுதியிருக்கிறீர்கள்.

என்4020 வெளிவந்தது 2019-இன் பிற்பகுதியில். உங்கள் பென்டியத்தைவிடப் புதியது என்பது உண்மை. விண்டோஸ் 11-இன் பட்டியலில் அது இருப்பதும் உண்மை. ஆனால் அதில் இரண்டு கோர், இரண்டே திரெட். உச்ச வேகம் 2.8 கிகாஹெர்ட்ஸ். கோரின் வடிவமைப்பு கோல்ட்மான்ட் பிளஸ் என்ற பழைய சிக்கன வகை. துடிப்புக்கு அது செய்யும் வேலை ஸ்கைலேக்கைவிட நன்றாகவே குறைவு. ஏவிஎக்ஸும் இல்லை, ஏவி1-உம் இல்லை. அதை வைத்துச் செய்யப்படும் லேப்டாப்கள் பலவற்றில் 4 ஜிபி ரேமைப் போர்டிலேயே பற்றவைத்து, எஸ்எஸ்டிக்குப் பதிலாக இஎம்எம்சி என்ற மெதுவான சேமிப்பகத்தை வைத்திருப்பார்கள். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், ஏழாம் தலைமுறைப் பென்டியத்தை விட்டு அதற்கு மாறுகிறவர் காசு கொடுத்துப் பின்னோக்கிச் செல்கிறார்.

இன்டெல் 2023 முதல் லேப்டாப்களில் பென்டியம், செலரான் என்ற பெயர்களையே விட்டுவிட்டு வெறுமனே இன்டெல் பிராசசர் என்று அழைக்கத் தொடங்கியதால், கடையில் ஸ்டிக்கரை மட்டும் பார்த்து எது எது என்று பிரித்தறிவது இன்னும் கடினமாகிவிட்டது. ஆகவே எண்ணைப் பாருங்கள். என்95, என்97, என்100, என்200 ஆகியவை ஒரே குடும்பம். 2025-இல் வந்த என்150-உம் அவற்றின் நெருங்கிய வழித்தோன்றல், உச்ச வேகம் 3.6 கிகாஹெர்ட்ஸ். ஐ3-என்305 என்றால் அதே சிக்கனக் கோர்கள் எட்டு. என்4000, என்4020, என்4500 என்று நான்கு இலக்கம் வந்தால் அவை முந்தைய தலைமுறைகள்.

பணம் கொடுப்பதற்கு முன் கடையிலேயே கணினியை இயக்கச் சொல்லி, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போங்கள். சிபியு என்பதைச் சொடுக்கினால் வலது மேல் மூலையில் பிராசசரின் முழுப் பெயரும், கீழே கோர்கள் எத்தனை என்பதும் தெரியும். மெமரி என்பதைச் சொடுக்கினால் ரேம் எவ்வளவு, எத்தனை துளைகள் என்று இருக்கும். அதில் 8 ஜிபிக்குக் குறைவாக இருந்து, கூட்டவும் வழி இல்லையென்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். டிஸ்க் என்ற இடத்தில் எஸ்எஸ்டி என்று இருந்தால் மட்டும் போதாது; அங்கே காணும் மாடல் எண்ணைக் கைப்பேசியில் தட்டித் தேடினால் அது இஎம்எம்சியா, வேகமான என்விஎம்இ வகை எஸ்எஸ்டியா என்று தெரிந்துவிடும். இவ்வளவுக்கும் இரண்டு நிமிடம் ஆகும். கடைக்காரர் இயக்கிக் காட்ட மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.